சீமெந்து நிலத்துக்கு ஏற்ற ஸ்ராண்டும் றாக்கையும்: வீட்டு ஒலிக்கருவிகளின் அதிர்வை அடக்கும் வழிகாட்டி

ஸ்பீக்கர் ஸ்ராண்ட், றெக்கோட் பிளேயர் றாக்கை பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி பலகை நிலம் போட்ட குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டது. அங்கே ஒருவர் அறைக்குள் நடந்தாலே நிலம் துள்ளும். அதனால் கருவியை நிலத்திலிருந்து பிரிப்பதுதான் அவர்களுக்கு முதல் வேலை. யாழ்ப்பாணத்து வீட்டின் கீழ்த்தளம் அப்படியில்லை. அத்திவாரத்துக்குள் மண் நிரப்பி இடித்து, கொங்கிறீற் போட்டு, மேலே சிவப்புச் சீமெந்தோ ரைல்ஸோ பதித்த நிலம். அதற்குக் கீழே கொஞ்ச மண், பிறகு சுண்ணாம்புக்கல். அதில் பிள்ளைகள் குதித்தாலும் ஊசி பாயாது. பாய்ந்தால் குற்றம் மேசையில்.

கீழ்த்தளத்தில் தொல்லை தருபவை வேறு: ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக வரும் பேஸ் (தாழ்ந்த ஒலி), கால் ஆடுகிற மேசை, கிணற்று மோட்டரும் குளிர்சாதனப் பெட்டியும். மேல் மாடியில் கதை மாறும். அதைத் தனியாகப் பார்ப்போம்.

காசை எங்கே போடுவது

அதிர்வால் பாதிக்கப்படுவதில் றெக்கோட் பிளேயருக்குப் பக்கத்தில்கூட வேறெதுவும் வராது. இசைத்தட்டின் தவாளிப்பு தலைமயிரைவிட ஒடுங்கியது. மெல்லிய ஒலிகளுக்கு ஊசி அசையும் தூரம் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. அந்த அசைவோடு மேசையின் அசைவும் சேர்ந்தால் ஊசிக்கு இரண்டும் பாட்டுத்தான்.

அடுத்தது ஸ்பீக்கர் ஸ்ராண்ட், அதற்கடுத்து பேஸுக்கென்றே உள்ள சப்வூபர் ஸ்பீக்கர். வால்வ் அம்பிளிபயர் இருந்தால் அதற்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். பென்சிலின் றப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டால் அந்த வால்வ் அதிர்வை வாங்குகிறது. சீடி பிளேயருக்கு ஆடாத, மட்டமான தட்டு போதும். சாதாரண ட்ரான்சிஸ்டர் அம்பிளிபயர், டிஏசி (டிஜிற்றல் இசையை அம்பிளிபயருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), இணைய இசைப்பெட்டி ஆகியவற்றுக்கு அதிர்வுப் பாதம் வாங்குவது வீண் செலவு. அந்தக் காசுக்கு நல்ல ஊசி வாங்கலாம்.

முதலில் சோதனை, பிறகு கடை

1. தட்டுச் சோதனை. சுழல்தட்டை நிறுத்தி, இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்குங்கள். ஒலியை வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு மெதுவாக ஏற்றுங்கள். இப்போது றாக்கையின் தட்டை விரல் மொழியால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் சிறிய 'டொக்' கேட்டு உடனே அடங்கினால் பரவாயில்லை. 'பூம்ம்' என்று இழுத்தால் தட்டு தானே பாடுகிறது.

2. ஊளைச் சோதனை. அதே நிலையில் ஒலியை இன்னும் கொஞ்சம், மிக மெதுவாக ஏற்றுங்கள். பாட்டே இல்லாமல் தாழ்ந்த உறுமல் வளர்ந்துகொண்டே போனால் ஸ்பீக்கரின் பேஸ் ஊசிக்குத் திரும்பி வருகிறது. கை ஒலிக்குமிழிலேயே இருக்கட்டும். உறுமல் தொடங்கியதும் குறைக்காவிட்டால் பேஸ் ஸ்பீக்கரின் கூம்பு கிழியலாம்.

3. தண்ணீர்ச் சோதனை. அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி றாக்கை மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் தண்ணீரின் பிரதிபலிப்பு சுவரில் விழும். கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் அங்கே பெரிதாகத் தெரியும். ஒருவர் நடக்கட்டும், கதவைச் சாத்தட்டும், மோட்டரைப் போடட்டும். எதற்கு வெளிச்சம் நடுங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால், ஜேர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைபொக்ஸ்' செயலியைப் போட்டு, தொலைபேசியை றாக்கை மேல் வைத்து ஆர்முடுகல் நிறமாலையைப் பாருங்கள். கிணற்று மோட்டர் 50 ஹேர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே ஒரு கூராகத் தெரியும். கோண்டாவில், இணுவில் பக்கம் தண்டவாளத்தோடு ஒட்டிய வீடுகளில் றெயில் போகும் நேரத்தையும் ஒருமுறை பதிவுசெய்து பார்ப்பது பயன் தரும்.

இடம்: செலவில்லாத பாதித் தீர்வு

பேஸ் அறையின் மூலைகளில்தான் திரளும். 6 மீற்றர் நீள ஹோலில் முதல் பரிவு (அறை தானே பெருக்கும் தொனி) ஏறத்தாழ 29 ஹேர்ட்ஸில் வரும். 4 மீற்றர் அகலத்துக்கு 43 ஹேர்ட்ஸ். எந்தப் பரிவாக இருந்தாலும் மூலையில் அதன் அழுத்தம் உச்சம். 'வடிவாக இருக்கும்' என்று றெக்கோட் பிளேயரை மூலை மேசையில் வைப்பது நம்மவர் வழக்கம். அதை ஒரு மீற்றர் தள்ளி வைத்துவிட்டு ஊளைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வித்தியாசம் உடனே கேட்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே வைப்பதைவிடப் பக்கச் சுவர் நல்லது. சப்வூபரிலிருந்து ஒன்றரை மீற்றராவது விலக்குங்கள். குசினியோடு பொதுவாக இருக்கும் சுவரையும், அடிக்கடி அடித்துச் சாத்தும் கதவின் பக்கத்தையும் தவிருங்கள்.

ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில், ஒரே ஷோகேஸ் மேல் இருக்கக்கூடாது. இதை மீறிவிட்டு எந்தப் பாதம் வாங்கினாலும் பலனில்லை.

மென்மையா, பாரமா: ஒரு சின்னக் கணக்கு

றப்பர், வில், காற்று நிரப்பிய ரியூப் எல்லாம் ஒரே விதிக்குள் வரும். பாரம் ஏறியதும் பாதம் எத்தனை மி.மீ. அமிழ்கிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 16ஐப் பிரியுங்கள். வருவது அந்த அமைப்பின் இயற்கை மீடிறன், அதாவது அது செக்கனுக்கு எத்தனை தடவை தானே ஆடும் என்பது, ஹேர்ட்ஸில். 1 மி.மீ. அமிழ்ந்தால் 16, இரண்டரை மி.மீ. என்றால் 10, 4 மி.மீ. என்றால் 8, 10 மி.மீ. என்றால் 5. இந்த மீடிறனைப்போல் 1.4 மடங்குக்கு மேலேயுள்ள அதிர்வைத்தான் பாதம் தடுக்கும். அதற்குக் கீழே ஒன்றும் தடுக்காது. சரியாக அந்த மீடிறனில் அதிர்வைப் பெருக்கியே கொடுக்கும்.

இந்தக் கணக்கில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிளேயரின் ஊசிக் கையும் அதன் நுனியில் ஊசியைத் தாங்கும் காட்றிஜும் சேர்ந்து 8 முதல் 12 ஹேர்ட்ஸுக்குள் ஒரு பரிவை வைத்திருக்கும். அப்படித்தான் அவற்றைப் பொருத்துகிறார்கள். இரண்டரை மி.மீ. அமிழும் றப்பர் பாதம் வைத்தால் பாதத்தின் பரிவும் கையின் பரிவும் 10 ஹேர்ட்ஸில் சந்திக்கும். கொஞ்சம் வளைந்த இசைத்தட்டுப் போட்டதும் பேஸ் கூம்புகள் உள்ளே வெளியே என்று மூச்சுவாங்குவது இப்படித்தான். ஆகவே பிரிப்பதென்றால் 5 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்குங்கள். இல்லாவிட்டால் பிரிக்காமல் பாரமாக வையுங்கள். அரைகுறை மென்மை இரண்டையும்விட மோசம்.

றப்பருக்கு இன்னொரு எச்சரிக்கை. அதிரும்போது அது, அமிழ்த்திப் பார்த்தபோது இருந்ததைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். கணக்கில் 8 வந்தால் உண்மையில் அதற்கு மேல் இருக்கும். சோர்போதேன் (அதிர்வை உறிஞ்சும் மென்மையான செயற்கைப் பொருள்) வகைப் பாதம் வாங்குபவர்கள் பெட்டியில் எழுதியிருக்கும் பார அளவைப் பார்த்து வாங்குங்கள். உயரத்தில் 10 முதல் 20 சதவீதம் அமிழ்ந்தால் பொருத்தம் சரி. பாரம் போதாமல் அமிழாத பாதம் வெறும் கல். சோர்போதேன் மரத்தில் எண்ணெய்க் கறை விடும். கீழே சின்னக் கண்ணாடித் துண்டோ ரைல்ஸ் துண்டோ வையுங்கள்.

றெக்கோட் பிளேயருக்கு எந்த ஸ்ராண்ட்

உங்கள் பிளேயர் எந்த வகை என்று முதலில் பாருங்கள். சுழல்தட்டை மெல்ல அழுத்தும்போது தட்டும் கையும் சேர்ந்து அமிழ்ந்து எழும்பினால் உள்ளே வில் இருக்கிறது. லின் சொண்டெக் எல்பி12, தோரன்ஸ் டிடி 160 இந்த வகை. இவற்றுக்கு வேண்டியது பாரமில்லாத, விறைப்பான, ஆடாத மேசை. இதன் அடியில் இன்னொரு வில்லோ ரியூபோ வைத்தால் இரண்டு மென்மையும் ஒன்றோடொன்று இழுபட்டு, நடக்கும்போதெல்லாம் தட்டு தொட்டில் மாதிரி ஆடும்.

அமிழாவிட்டால் திண்ம அடித்தள வகை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ம், சந்தையில் இருக்கும் மலிவான பிளேயர்களில் பெரும்பாலானவையும் இதில் அடங்கும். கீழ்த்தளத்தில் இவற்றுக்கு நாங்கள் சொல்லும் அமைப்பு இது:

மேசை: நான்கு காலும் குறுக்குச் சட்டமும் உள்ள பழைய முதிரை அல்லது தேக்கு மேசை. சீதனமாக வந்து விறாந்தையில் தூசி பிடித்துக் கிடக்கும் மேசை கடையில் விற்கும் கண்ணாடி றாக்கையைத் தோற்கடிக்கும். இரண்டு கையாலும் மேல்விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கிறீச்சிட்டால் மூட்டுக்குப் பசை வைத்து ஆப்பு அடிக்க வேண்டும்.

மேசைக்கும் பிளேயருக்கும் இடையே கல்: 20 மி.மீ. கிறனைற். குசினி மேடையில் பேசின் வைக்க வெட்டி எடுக்கும் துண்டு கிறனைற் கடைகளில் மூலையில் சாத்தியிருக்கும். முழுத் தகட்டு விலை கொடுக்க வேண்டாம். 45க்கு 35 செ.மீ. துண்டு எட்டரைக் கிலோ வரும். கிறனைற்றும் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். அதனால் அடிப்பக்கம் முழுக்க 3 மி.மீ. கோர்க் தாளை ஒட்டுங்கள்.

பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமல்லவா, 'ணங்' என்றால் நல்ல பானை. றாக்கைத் தட்டுக்கு அந்தப் பரீட்சை தலைகீழ். 'ணங்' என்றால் வேண்டாம், 'டொக்' என்றால் எடுங்கள். கண்ணாடித் தட்டு இந்தப் பரீட்சையில் எப்போதும் தோற்கும்.

கடைசியில் ரசமட்டம். மேசையில் வைத்துப் பார்த்தால் போதாது. சுழல்தட்டின் மேலேயே வைத்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் பாருங்கள்.

மேல் மாடியும் றோட்டோர வீடும்: சைக்கிள் ரியூப் வழி

மேல் மாடிச் சிலாப் நடுவில்தான் அதிகம் துள்ளும். தூணுக்கு அல்லது வளைக்கு மேலே, சுவரோரமாக இடம் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், வாகனமும் றெயிலும் தொல்லை தந்தால், திண்ம வகைப் பிளேயருக்கு இது உதவும்:

1. 12 அங்குலச் சின்னப்பிள்ளைச் சைக்கிள் ரியூப் ஒன்று, 18 மி.மீ. மரீன் பிளைவூட் துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 45க்கு 35 செ.மீ.

2. கீழ்ப் பலகையில் ரியூபை வட்டமாக வையுங்கள். வால்வ் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றடிக்க ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

3. மேல் பலகையையும் பிளேயரையும் ஏற்றிய பிறகு கைப்பம்பால் அடியுங்கள். மேல் பலகை கீழ்ப் பலகையைத் தொடாமல் இரண்டு, இரண்டரை செ.மீ. எழும்பினால் நிறுத்துங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று அடித்தால் ரியூப் கல்லாகிவிடும். மீடிறன் ஏறிப் பயன் போய்விடும்.

4. ரசமட்டம் வையுங்கள். மோட்டரும் கையும் இருக்கும் பக்கம் பாரம் கூடுதலாதலால் பிளேயரைச் சற்று நகர்த்தி நடுவை எடுங்கள்.

5. கம்பிகளைத் தளர்ந்த வளையமாக விடுங்கள். விறைப்பான கம்பி ஒன்று சுவரிலிருந்து நேரே வந்தால் அதிர்வு அந்த வழியாக ஏறிவிடும்.

காற்று இறங்கும். வாரம் ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது எல்லாம் ஆடும். அது பிடிக்காதவர்களுக்குச் சுவர் றாக்கைதான் வழி.

சுவர் றாக்கைக்குச் சுமைதாங்கும் வெளிச்சுவரையே எடுங்கள். 4 அங்குல இடைச்சுவர் தானே பறை மாதிரி அதிரும். திண்மச் சீமெந்துக் கல்லில் 8 மி.மீ. அங்கர் போல்ட் நான்கு போதும். பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து உதிரும்; துளையிடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். சாந்து மட்டுமே கொட்டினால் கல்லுக்குப் போகவில்லை. துளையை நகர்த்துங்கள்.

ஸ்பீக்கர் ஸ்ராண்ட்: வெல்டிங் கடையில் செய்விப்பது

வழக்கமாக உட்காரும் கதிரையில் உட்கார்ந்து, நிலத்திலிருந்து காது வரை அளவுங்கள். அதிலிருந்து, ஸ்பீக்கரின் அடியில் இருந்து ட்வீற்றர் (உச்ச ஒலி தரும் சின்னக் கூம்பு) வரையான உயரத்தைக் கழியுங்கள். காது 95 செ.மீ., ட்வீற்றர் 27 செ.மீ. என்றால் ஸ்ராண்ட் 68.

அந்த உயரத்துக்கு ஒரு ஸ்ராண்டின் பொருட்கள்: 75க்கு 75 மி.மீ. பொக்ஸ்பார், 2 மி.மீ. தடிப்பு, 66 செ.மீ. நீளம், அடித்தகடு 30க்கு 30 செ.மீ., 6 மி.மீ. தடிப்பு, மேல்தகடு 18க்கு 22 செ.மீ., 4 மி.மீ. தடிப்பு, 8 மி.மீ. புரி உள்ள கூர்ப்பாதம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் பூட்டு நட். மணல் நிரப்பினால் மொத்தம் ஏறத்தாழ 14 கிலோ. மேல்தகடு ஸ்பீக்கரின் அடியைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும்.

வெல்டிங்காரரிடம் இரண்டு விடயம் அழுத்திச் சொல்லுங்கள். மேல்தகட்டின் நடுவில் 20 மி.மீ. துளை விட வேண்டும். மறந்து இரண்டு பக்கமும் மூடி ஒட்டிவிட்டால் மணல் போக வழியில்லை. தூண் அடித்தகட்டோடு சேரும் இடத்தில் சுற்றிவர முழுதும் ஒட்ட வேண்டும். நாலு பொட்டு ஒட்டு வைத்தால் அங்கே கிணுகிணுக்கும். பிறகு கறள் தடுப்புப் பூச்சு இரண்டு கை. கடற்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று வடமராட்சிக் கரையோரக் கேற்றுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மணலுக்குக் கடற்கரைக்குப் போகாதீர்கள். உப்பு உள்ளிருந்து கறளேற்றும். மணல் அள்ளலால் மணற்காட்டுத் திட்டிகள் ஏற்கெனவே பட்டபாடு போதும். கட்டடப் பொருள் கடையில் அரை மூடை ஆற்றுமணல் வாங்கி, அரித்து, பொலித்தீன் விரித்து இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். கையில் பிடித்து விட்டால் ஒரு மணியும் ஒட்டக்கூடாது. இந்தத் தூண் ஒன்றுக்கு 3.3 லீற்றர், அதாவது ஐந்து கிலோ அளவில் பிடிக்கும். கால்வாசி போட்டுத் தட்டி, மறுபடி போட்டு நிரப்புங்கள். முக்கால்வாசியில் ஒருமுறை விரலால் சுண்டிப் பாருங்கள். அப்போதே 'டொக்' என்று செத்துவிட்டால் மிச்சம் தேவையில்லை.

கூர்ப்பாதம் அதிர்வைப் பிரிப்பதில்லை. ஆடாமல் ஊன்றுவதுதான் அதன் வேலை. சீமெந்து நிலத்தில் அதுவே வேண்டியது. ஆனால் நேரே ரைல்ஸில் ஊன்றினால் மினுக்கு உடையும். சிவப்புச் சீமெந்தில் குழி விழும். ஒவ்வொரு கூரின் கீழும் ஒரு பத்து ரூபாய்க் குற்றி வையுங்கள். மேல் மாடியில் கூர் வேண்டாம். அங்கே தடித்த றப்பர் பாதம். ஸ்பீக்கருக்கும் மேல்தகட்டுக்கும் இடையே நான்கு மூலையிலும் பயறளவு ஒட்டுக்களி. நம்முடைய வெக்கையில் அது மரத்தோலில் (பெட்டியின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகட்டில்) எண்ணெய் விடும். மரத்தோல் பெட்டியென்றால் மெல்லிய றப்பர் பொட்டு நல்லது.

மற்றக் கருவிகளுக்கான றாக்கை

உயரமாக ஐந்து தட்டு அடுக்குவதைவிட, தாழ்வாக இரண்டு தட்டு அகலமாக வைப்பது ஆட்டத்தைக் குறைக்கும். 25 மி.மீ. பொக்ஸ்பார் சட்டம், 100 செ.மீ. அகலம், 40 ஆழம், 50 உயரம், பின்பக்கம் மூலைவிட்டமாக ஒரு சட்டம். அந்த ஒற்றைச் சட்டம் இல்லாத றாக்கை எவ்வளவு பாரமானாலும் பக்கவாட்டில் ஆடும். தட்டுக்கு 18 மி.மீ. மரீன் பிளைவூட். சட்டத்தில் இறுக்கிப் பூட்டாமல் கோர்க் பொட்டுகளில் உட்காரட்டும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, ஆனால் ஐப்பசி மழைக்கு அதன் விளிம்பு அப்பம் மாதிரி ஊதும். வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் அடிக்காவிட்டால் பிளைவூட்டும் ஈரம் குடிக்கும். அம்பிளிபயருக்கு மேலே 10 செ.மீ. வெளி விடுங்கள், றெக்கோட் பிளேயர் மூடிக்கு 45.

சப்வூபர் கீழ்த்தளத்தில் நேரே நிலத்தில் இருக்கலாம். அதைப் போட்டதும் கேட்கும் கிடுகிடுப்பு பெரும்பாலும் ஷோகேஸ் கண்ணாடியும் யன்னல் கம்பியும்தான். தொலைபேசியில் 20இலிருந்து 200 ஹேர்ட்ஸ் வரை ஏறும் ஒற்றைத் தொனியைப் போட்டு, எந்த இடத்தில் எது கிடுகிடுக்கிறது என்று கையால் தொட்டுத் தொட்டுப் பிடியுங்கள். கண்ணாடிக்கு விளிம்பில் மெல்லிய றப்பர் பட்டி, அலங்காரப் பொருட்களுக்கு அடியில் துணி.

எல்லாம் பூட்டி முடிந்ததும் தவிலும் நாதஸ்வரமும் உள்ள பதிவொன்றைப் போடுங்கள். தவிலின் தொப்பிப் பக்கத்து (தாழ்ந்த ஒலிப் பக்கத்து) அடி ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே நின்றால் ஸ்ராண்ட் சரி. ஒன்றோடொன்று குழைந்து உருண்டால் ஸ்ராண்டை இன்னும் 10 செ.மீ. சுவரிலிருந்து இழுத்துப் பாருங்கள். இரண்டு கிழமை கழித்துப் பூட்டு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதிய புரிகள் முதல் மாதத்தில் தளரும். அப்போது நான்கு குற்றியில் ஒன்று விரலால் தள்ள இலகுவாக நகரும். அந்தக் காலைத்தான் இறக்க வேண்டும்.